பாட்டா? பட்டறைச் சத்தமா?

தமிழ்ப் பெண்ணின் இசைத்தட்டும், கேட்டவர்கள் போட்ட சண்டையும்

கடலூர் செம்மண்டலம் பக்கம் ஒரு லேத் பட்டறை வாசலில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள்.

உள்ளே இரும்பைக் கடைகிறார்கள். தகட்டில் துளை போடுகிறார்கள். சாணைச் சக்கரத்தில் தீப்பொறி பறக்கிறது. "கிர்ர்" என்றும் "டங், டங்" என்றும் ஓயாத சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. புதிதாக வந்தவர் காதைப் பொத்திக்கொள்வார். அங்கேயே வேலை செய்கிறவரோ, அந்தச் சத்தத்தை வைத்தே எந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா, இல்லையா என்று சொல்லிவிடுவார்!

இந்தப் பட்டறைச் சத்தத்தையே எடுத்து, அதற்குத் தாளம் கூட்டி, மேலே பாட்டும் பாடி, "வாருங்கள், ஆடலாம்" என்று ஒருவர் இசைத்தட்டு வெளியிட்டால் எப்படி இருக்கும்?

அப்படி ஓர் இசைத்தட்டு 2010-ம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. அதில் ஒரு பாட்டில் துளை போடும் எந்திரத்தின் சத்தமே தாளமாக வருகிறது. வெளியிட்டவர் ஒரு தமிழ்ப் பெண். தட்டின் பெயர் "மாயா". அது அவருடைய சொந்தப் பெயர்தான்.

கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வெறும் இரைச்சல் என்றது ஒரு கட்சி. இதுதான் இந்தக் காலத்தின் பாட்டு என்றது இன்னொரு கட்சி. லண்டன், நியூயார்க் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின.

சண்டை ஏன் வந்தது? யார் சொன்னது சரி? ஆண்டுகள் பல ஓடிவிட்டன. சூடு ஆறிவிட்டது. இப்போது நிதானமாகப் பார்க்கலாம்.

தையல் வேலை செய்த தாயின் மகள்

அந்தப் பெண்ணின் முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். மேடையில் அவர் பெயர் எம்.ஐ.ஏ. போரில் காணாமற்போனவர்களைக் குறிக்க ராணுவத்தார் எழுதும் மூன்று ஆங்கில எழுத்துகள் அவை. அதையே அவர் தன் பெயராக வைத்துக்கொண்டார்.

மாதங்கி 1975-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது குடும்பம் யாழ்ப்பாணம் போனது. தகப்பனார் "ஈரோஸ்" என்ற ஈழப் போராட்ட இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இயக்கத்தில் அவரை "அருளர்" என்பார்கள். விடுதலைப்புலிகள் இயக்கம் வேறு, இது வேறு.

தகப்பனார் பெரும்பாலும் வீட்டில் இல்லை. போர் முற்றியது. தாய் கலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இடம் இடமாக மாறினார். கொஞ்ச காலம் சென்னையிலும் கஷ்ட ஜீவனம் நடந்தது. 1986-ம் ஆண்டில் அகதிகளாக லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். இலங்கைத் தமிழர் முகாம்கள் நம் கடலூர் மாவட்டத்திலும் உண்டு. ஆகையால் இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. அங்கே இருக்கிற பல தாய்மார்களின் கதையும் இதுதான்.

லண்டனில் தாய்க்குக் கிடைத்தது தையல் வேலை. பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுக்கும் பதக்கங்களுக்குக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலையை அவர் பல ஆண்டுகள் செய்தார் என்று மாதங்கி பின்னால் சொல்லியிருக்கிறார். 2019-ம் ஆண்டு மாதங்கிக்கே "எம்.பி.இ." என்ற பிரிட்டிஷ் விருது அறிவிக்கப்பட்டது. தாய் ஊசி பிடித்த வேலை. பதக்கம் மகள் மார்பில்!

மாதங்கி லண்டனில் புகழ்பெற்ற ஒரு கலைக் கல்லூரியில் படித்தார். பிறகு பாட வந்தார். 2005-ல் வந்த முதல் தட்டுக்குத் தகப்பனார் பெயர்: "அருளர்". 2007-ல் வந்த இரண்டாவது தட்டுக்குத் தாயார் பெயர்: "கலா". 2010-ல் மூன்றாவது தட்டுக்குத் தன் பெயர்: "மாயா".

இரண்டாவது தட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்கா போய்ப் பாட்டுப் பதிவு செய்ய மாதங்கி நினைத்தார். விசா கிடைக்கவில்லை. "சரி, உலகத்தைச் சுற்றுவோம்" என்று கிளம்பிவிட்டார். சென்னைக்கு வந்தார். இங்குள்ள மேளக்காரர்களை வைத்து உறுமியும் மேளமும் பதிவு செய்தார். தட்டின் முதல் பாட்டிலே "தளபதி" (1991) படத்துக்கு இளையராஜா போட்ட இசையின் ஒலி வருகிறது. "ஜெயம்" (2003) படப் பாட்டின் ஒலி இன்னொரு பாட்டில் வருகிறது. நம்மூர்த் திருவிழாச் சத்தம் லண்டன் நடனக் கூடங்களில் கேட்டது!

அதே தட்டில் இருந்த "பேப்பர் பிளேன்ஸ்" (காகித விமானம்) என்ற பாட்டு 2008-ல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் 4-வது இடத்துக்கு ஏறியது. 2009-ல் ஏ.ஆர்.ரகுமானுடன் சேர்ந்து "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்துக்குச் செய்த பாட்டு ஆஸ்கார் போட்டிக்குப் போனது. உலகம் கைதட்டியது. அடுத்த தட்டும் இதே மாதிரி இருக்கும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

எந்திரம் பாட வந்த கதை

காத்திருந்தவர்கள் கேட்டது வேறு.

"மாயா"வில் உறுமி இல்லை. திருவிழா இல்லை. இருட்டான, கரடுமுரடான மின்சார இசை. எந்திரம் உறுமுகிறது. குரல் உடைந்து வருகிறது. ஆனாலும் தாளம் நிற்கவில்லை. ஆடச் சொல்லி அடித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த வகை இசைக்கு மேல்நாட்டில் "இண்டஸ்ட்ரியல்" என்று பெயர். தொழிற்சாலை இசை என்று நாம் சொல்லலாம். இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1913-ம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டு ஓவியர் லூயிஜி ருசோலோ ஓர் அறிக்கை வெளியிட்டார். எந்திர யுகம் வந்துவிட்டது. இனிமேல் சங்கீதத்தில் இரைச்சலுக்கும் இடம் வேண்டும் என்பது அவர் கட்சி. இரைச்சல் போடும் பெட்டிகளைக் கூடச் செய்து காட்டினார்.

1976-ல் லண்டனில் "த்ராபிங் கிரிஸில்" என்ற குழு "இண்டஸ்ட்ரியல் ரிக்கார்ட்ஸ்" என்ற பெயரில் இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கியது. அதிலிருந்துதான் இந்த இசைக்குப் பெயரே வந்தது. எஃகு ஆலைகளுக்குப் பெயர்போன ஷெபீல்டு நகரில் "கேபரே வால்டேர்" என்ற குழு வளர்ந்தது. 1980-ல் பெர்லினில் ஒரு குழு கிளம்பியது. அதன் பெயருக்கு "இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்" என்று பொருள். இரும்புத் தகடும் துளை எந்திரமும்தான் அவர்கள் வாத்தியம்! பெல்ஜியம் நாட்டில் "பிரண்ட் 242" என்ற குழு இதை ஆட்டத்துக்குரிய தாளமாக மாற்றியது.

ஆலை நிறைந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் ஆலைச் சத்தத்தையே வாத்தியமாக எடுத்தார்கள். இதில் ஆச்சரியம் என்ன? நெய்வேலிச் சுரங்கத்து ராட்சத எந்திரங்களையும், கடலூர்-சிதம்பரம் சாலையில் உள்ள சிப்காட் ஆலைகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும்.

நியூயார்க்கில் இரண்டு பேர் சேர்ந்து "சூசைட்" என்ற பெயரில் பாடினார்கள். ஒருவர் ஆலன் வேகா. மற்றவர் மார்ட்டின் ரெவ். ஒரு குரல், ஒரு மின்சாரப் பெட்டி, அவ்வளவுதான். 1978-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் அவர்கள் பாடியபோது கூட்டத்தால் பொறுக்க முடியவில்லை. கூச்சல் போட்டார்கள். மைக்கையே பிடுங்கிக்கொண்டார்கள். கச்சேரி பாதியில் நின்றது!

அவர்களுடைய 1977-ம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் ஒலியைத்தான் மாதங்கி "மாயா"வில் "பார்ன் பிரீ" (சுதந்திரமாகப் பிறந்தவர்) என்ற பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். 2010-ல் அமெரிக்க டெலிவிஷனில் அந்தப் பாட்டைப் பாடியபோது, அதே மார்ட்டின் ரெவ் பக்கத்தில் நின்று வாசித்தார். அன்று மைக்கைப் பிடுங்கினார்கள். இன்று வீட்டுக்கு வீடு டெலிவிஷனில் கேட்டார்கள்.

இருட்டு எங்கிருந்து வந்தது?

மாதங்கி ஏன் இப்படி மாறினார்? ஊரெல்லாம் கைதட்டும்போது, பிடித்த மாதிரியே இன்னொரு தட்டு போட்டுப் பணம் பார்த்திருக்கலாமே?

ஆண்டைப் பார்த்தால் விடை தெரியும். 2009-ம் ஆண்டு பிப்ரவரியில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் இலங்கைப் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் கூறியது. கையில் கைக்குழந்தை, பிறந்த இனத்துக்கு அப்படி ஒரு முடிவு. அந்த நாட்களில் அமெரிக்க டெலிவிஷனில் அவர் வாய் ஓயாமல் இதைப் பேசினார். கேட்டவர்கள் குறைவு.

அந்த ஆகஸ்டு மாதம் லண்டன் "சேனல் 4" டெலிவிஷன் ஒரு படக்காட்சியை ஒளிபரப்பியது. கைகள் கட்டப்பட்ட ஆண்களைச் சுட்டுக் கொல்லும் காட்சி அது. அது பொய் என்றது இலங்கை அரசாங்கம்.

2010 ஏப்ரலில் "பார்ன் பிரீ" பாட்டுக்குக் குறும்படம் வந்தது. எடுத்தவர் ரோமேன் காவ்ராஸ். அதில் செம்பட்டை முடிக்காரர்களை மட்டும் ராணுவத்தார் வீடு வீடாகப் புகுந்து பிடிக்கிறார்கள். வண்டியில் ஏற்றிப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய்க் கொல்லுகிறார்கள். முடியின் நிறத்துக்காக ஒருவனைக் கொல்வார்களா என்று பார்ப்பவர் பதறுவார். மொழிக்காகவும் மதத்துக்காகவும் கொல்வது மட்டும் நியாயமா என்பதுதான் படம் கேட்கும் கேள்வி. படம் மிகக் கொடூரமாக இருந்ததால் யூடியூப்பில் கட்டுப்பாடு விதித்தார்கள். குழந்தைகளுக்குக் காட்டத் தக்க படம் அல்ல.

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

தட்டு வெளிவந்ததும் மதிப்புரைகள் குவிந்தன. நான்கு வகையாக அவற்றைப் பிரிக்கலாம்.

முதல் வகை: "காது வலிக்கிறது, மெட்டு எங்கே?" என்றவர்கள். பழைய தட்டுகளில் இருந்த விளையாட்டும் குதூகலமும் போய்விட்டன என்பது அவர்கள் குறை. இளைஞர்கள் அதிகம் நம்பும் "பிட்ச்போர்க்" இதழ் பத்துக்கு 4.4 மதிப்பெண்தான் போட்டது. பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால், நூற்றுக்கு நாற்பத்து நாலு!

இரண்டாம் வகை: "இவர் சொல்வதை எப்படி நம்புவது?" என்றவர்கள். வசதியான வீடு, பணக்காரக் குடும்பத்தில் சம்பந்தம். இவருக்கு எதற்குப் புரட்சிப் பேச்சு என்று கேட்டார்கள். புலிகளுக்குப் பரிந்து பேசுகிறார் என்று இலங்கையைச் சேர்ந்தவர்கள் சிலரும் குற்றம் சாட்டினார்கள். பயங்கரவாதத்தைத் தாம் ஆதரிக்கவில்லை என்று மாதங்கி மறுத்தார்.

மூன்றாம் வகை: "வீண் பயம்" என்றவர்கள். தட்டின் முதல் பாட்டு ஒரு நிமிடம்கூட இல்லை. நாம் கைபேசியில் பேசுவதும் தேடுவதும் கடைசியில் அரசாங்கத்தின் காதுக்குப் போய்ச் சேரும் என்பது அதன் கருத்து. தட்டின் அட்டைப் படத்திலும் அவர் முகம் தெரியாது. யூடியூப்பின் பட்டைகள் முகத்தை மூடியிருக்கும். கம்ப்யூட்டரைக் கண்டு நடுங்குகிறார் என்று கேலி செய்தவர்கள் உண்டு.

நான்காம் வகை: பாராட்டியவர்கள். கசப்பான காலத்துக்குக் கசப்பான பாட்டுதான் பொருந்தும். வெற்றி பெற்ற வழியை விட்டுப் புது வழி போகத் துணிச்சல் வேண்டும் என்றார்கள். "ரோலிங் ஸ்டோன்" இதழ் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தது.

எல்லா மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி பார்க்கும் "மெட்டாக்ரிடிக்" கணக்கில் நூற்றுக்கு 68 வந்தது. இந்தச் சராசரியை நம்பினால் "பரவாயில்லை" என்று தோன்றும். ஆனால் எல்லாரும் அப்படிச் சொல்லவில்லை.  தூக்கி வைத்தவர்களும் உண்டு, தூக்கி எறிந்தவர்களும் உண்டு. விற்பனையில் அமெரிக்க வரிசையில் 9-வது இடம். பிரிட்டனில் 21-வது இடம்.

உருளைக்கிழங்கு வறுவல் சண்டை

இந்த அமளியில் ஒரு வேடிக்கையும் நடந்தது.

2010 மே மாதம் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையின் ஞாயிறு இதழில் மாதங்கியைப் பற்றி நீண்ட கட்டுரை வந்தது. எழுதியவர் லின் ஹிர்ஷ்பெர்க். மாதங்கி புரட்சி பேசிக்கொண்டே, விலை உயர்ந்த காளான் வாசனை போட்ட உருளைக்கிழங்கு வறுவல் தின்றார் என்று அதில் குத்தலாக எழுதியிருந்தது.

மாதங்கிக்குக் கோபம் பொங்கியது. கட்டுரை எழுதியவரின் டெலிபோன் எண்ணையே வெளியிட்டுவிட்டார். அது தவறு. யார் மீதும் அப்படிக் கூட்டத்தை ஏவக் கூடாது. ஆனால் பேட்டியின்போது தாமே பதிவு செய்த ஒலிநாடாவையும் வெளியிட்டார். வறுவலை முதலில் சொன்னது யார்? பேட்டி எடுத்தவர்தான்! மாதங்கியின் பேச்சை வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து ஒன்றாகச் சேர்த்ததையும் பத்திரிகை பின்னால் ஒப்புக்கொண்டு குறிப்பு வெளியிட்டது.

வேடிக்கைதான். ஆனால் விஷயம் இருக்கிறது. தட்டு வந்தது ஜூலையில். வறுவல் வந்தது மே மாதத்தில். பாட்டைக் கேட்பதற்கு முன்பே பலர் பாடுகிறவரைப் பற்றி முடிவு கட்டிவிட்டார்கள். பாட்டைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு வறுவலுக்குத் தீர்ப்பு எழுதியவர்களும் இருந்திருப்பார்கள்!

நம் ஊர்ச் சண்டைகள்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சண்டை" என்று ஒதுக்கிவிட வேண்டாம். நாமும் இந்தச் சண்டையைப் போட்டவர்கள்தான்.

சிதம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் கச்சேரிகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான் முழங்கும். தமிழ்ப் பாட்டு கடைசியில் "துக்கடா"வாக வரும். தமிழ் நாட்டில் தமிழ் ஏன் கடைசி என்று கேட்டு, 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடியது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்றார். தமிழில் பாடினால் சங்கீதத்தின் தரம் குறையும் என்று சென்னை வித்வான்களில் பலர் வாதாடினார்கள். இன்று தமிழ்ப் பாட்டு இல்லாத கச்சேரி உண்டா?

1952-ல் பி.வி.கேஸ்கர் ரேடியோ மந்திரியானார். சினிமாப் பாட்டு தரம் கெட்டது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கிப்போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள்! கடைசியில் 1957-ல் "விவித பாரதி" வந்தது. அரசாங்கம் இறங்கி வந்தது. அன்று தரம் கெட்டது என்று சொல்லப்பட்ட அந்தப் பாட்டுகளைத்தான் இன்று நாம் பழைய இனிய கீதங்கள் என்று உருகிக் கேட்கிறோம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பறை. பறையடி கேட்டால் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அது சாவுச் சத்தம் என்று ஒதுக்கினார்கள். அவர்கள் வெறுத்தது சத்தத்தையா? அடித்த கையையா? நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் விடை எல்லாருக்கும் தெரியும். இன்று அதே பறை மேடை ஏறிவிட்டது. கல்லூரிப் பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள். தோல் அதே தோல்தான். குச்சி அதே குச்சிதான். மாறியது நம் காது.

துக்கத்துக்கும் ஆட்டம் உண்டு

"இருட்டான விஷயத்தைப் பாடுகிறார், ஆனால் ஆடச் சொல்கிறாரே, இது பொருந்துமா?" என்று மேல்நாட்டில் கேட்டார்கள்.

நம்மைக் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்போம். நம் கிராமத்துச் சாவு ஊர்வலத்தைப் பாருங்கள். பிணம் முன்னே பறை அதிரும். இளைஞர்கள் ஆடிக்கொண்டு போவார்கள். வீட்டுத் திண்ணையில் தாய்மார்கள் மாரில் அடித்து அழுவார்கள். ஆடுகிறவனுக்குத் துக்கம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? அழுது தீராததை அவன் ஆடித் தீர்க்கிறான். சென்னையின் கானாப் பாட்டுக்கும் சாவு வீட்டோடு நெருங்கிய உறவு உண்டு.

சாவு வீட்டுப் பறையைக் கேட்டு "மெட்டு இனிமையாக இல்லையே" என்று ஒருவர் குறை சொன்னால் எப்படி இருக்கும்? அது இனிமைக்காக அடிக்கப்படவில்லை. ஊரைக் கூட்டுவதற்காக அடிக்கப்படுகிறது.

"மாயா"வையும் அப்படித்தான் கேட்க வேண்டும். உறுமி இல்லாவிட்டாலும் அது நம் சாவுப் பறையின் தூரத்துச் சொந்தம். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு பதினான்கு மாதங்களுக்குள், லண்டனில் வளர்ந்த ஓர் அகதிப் பெண் தன் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடித்தார். கைக்குக் கிடைத்தது துளை எந்திரமும் கம்ப்யூட்டரும். அழகாகப் பாடியபோது கேட்டார்கள். அழுது பேசியபோது கேட்கவில்லை. ஆகையால் காது கிழிய அடித்தார்.

பிறகு நடந்தது

மூன்று ஆண்டுகள் போயின.

2013 ஜூன் மாதம் எட்வர்ட் ஸ்னோடன் என்ற அமெரிக்க இளைஞர் ரகசியக் காகிதங்களை வெளியிட்டார். கூகுள், பேஸ்புக், ஆப்பிள் போன்ற கம்பெனிகளிடமிருந்து ஜனங்களின் விவரங்களை அமெரிக்க உளவுத்துறை திரட்டுகிறது என்ற செய்தி உலகத்தையே உலுக்கியது. அரசாங்கம் நேராகக் கை வைக்க நாங்கள் வழி விடவில்லை என்று கம்பெனிகள் மறுத்தன. ஆனால் அந்த ஒரு நிமிடப் பாட்டைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குச் சிரிப்பு நின்றது.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கப் பாடகர் கன்யே வெஸ்ட் "யீசஸ்" என்ற தட்டை வெளியிட்டார். அதுவும் எந்திர இரைச்சல், அதுவும் கரடுமுரடு. "பிட்ச்போர்க்" இதழ் அதற்குப் பத்துக்கு 9.5 கொடுத்தது! எழுதியவர் வேறு, தட்டும் வேறு. இரண்டும் ஒரே தரம் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் 2010-ல் காதை உறுத்திய சத்தம் 2013-ல் காதுக்குப் பழகிவிட்டது என்பது தெரிகிறது. முதலில் வருகிறவனுக்கு அடி. பின்னால் வருகிறவனுக்கு மாலை!

நம் தீர்ப்பு

அப்படியானால் "இரைச்சல்" என்று சொன்னவர்கள் எல்லாரும் மூடர்களா? இல்லை. அவர்கள் சொன்னதிலும் உண்மை உண்டு.

"மாயா"வில் எல்லாப் பாட்டும் ஒரே தரம் அல்ல. சில பாட்டுகள் அரைவேக்காடு. சில இடங்களில் எந்திரச் சத்தம் வார்த்தைகளை அமுக்கிவிடுகிறது. ஊருக்குச் செய்தி சொல்ல வந்தவர், செய்தி காதில் விழாதபடி செய்தால் யாருக்கு லாபம்? அதைக் குறை என்று சொல்லக் கேட்பவருக்கு உரிமை உண்டு. காசு கொடுத்து வாங்குகிறவர் "பிடிக்கவில்லை" என்று சொல்வது குற்றம் அல்ல.

ஆனால் "பிடிக்கவில்லை" என்பது வேறு. "இது பாட்டே அல்ல" என்பது வேறு. முதலாவது நம் காதைப் பற்றிய செய்தி. இரண்டாவது பாட்டைப் பற்றிய தீர்ப்பு. தீர்ப்புச் சொல்லும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? அடிப்பவர் எதற்காக அடிக்கிறார்? நாம் வெறுப்பது சத்தத்தையா, அவரையா?

உங்கள் வீட்டுப் பிள்ளையும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஏதோ "டம் டம்" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். "என்ன கண்ராவி இது, நிறுத்து" என்று அதட்டத் தோன்றும். அதற்கு முன் ஒரு தடவை, "எங்கே, எனக்கும் போடு பார்க்கலாம்" என்று வாங்கிக் கேளுங்கள். சத்தத்தை மட்டும் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். காது கெட்டால் திரும்ப வராது. கேட்ட பிறகும் பிடிக்கவில்லையா? தாராளமாகச் சொல்லுங்கள். அப்போது பிள்ளையும் உங்கள் பேச்சைக் கேட்பான்.

சிதம்பரத்தில் ஆடுகிற நடராஜர் ஒரு கையில் உடுக்கை வைத்திருக்கிறார். இன்னொரு கையில் நெருப்பு வைத்திருக்கிறார். ஆட்டம் என்றால் ஆனந்தம் மட்டும் அல்ல என்று நம் முன்னோர் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள்.

செம்மண்டலத்துப் பட்டறைக்காரர் சத்தத்தைக் கேட்டே எந்திரத்தின் கோளாறைச் சொல்கிறார். உலகம் என்கிற எந்திரத்திலும் அவ்வப்போது ஒரு மாதிரிச் சத்தம் கேட்கிறது. காதைப் பொத்திக்கொண்டால் சத்தம் நிற்கும். கோளாறு நிற்காது.